ஆற வைத்து அளக்கிறவர்

எங்க பக்கத்துக் கடை உத்திராபதி அண்ணனுக்கு பஜார்ல ஒரு கெட்ட பேரு சுத்திக்கினு இருக்குது. அந்தப் பேரை வாங்கிக் குடுத்தவ நான்தான். அதனால அவரைப் பத்தி நானே சொல்றதுதான் நியாயம். சொல்லிட்டு மிஷின்ல உக்காரணும், நாளைக்குள்ள மூணு ஜாக்கெட்டு தைக்கணும். உடம்பு ஓஞ்சு போச்சு, ஊசியில நூல் கோக்கறதுக்கே நாலு தடவை ஆவுது.

செஞ்சியில திருவண்ணாமலை ரோட்டு மேல ஒரே கூரையில ரெண்டு ரூமு. ஒண்ணு என்னுது, ஷோபனா டெய்லர். இன்னொண்ணு அவருது, பேட்டரிக் கடை. நடுவுல ஒத்தைக் கல் சுவரு, அந்தாண்ட தும்மினா இந்தாண்ட கேக்கும். என் கடைக்குப் பின்னாலயே எங்க வூடு. வூட்டுல கட்டில்ல என் வூட்டுக்காரர் செல்லப்பன். பதினேழு வருஷம் கிரஷர்ல கல்லுத் தூசியை முழுங்கின மனுஷன். நுரையீரல் பூராவும் தூசி உக்காந்து சுருங்கிப் போச்சுன்னு பாண்டிச்சேரி டாக்டர் சொல்லிட்டாரு. மூக்குல குழாய், குழாய்க்கு அந்தப் பக்கம் ஆக்சிஜன் மிஷின். அது கரண்டுல ஓடுது. கரண்டு போனா இன்வெர்ட்டர் பேட்டரியில ஓடுது. பேட்டரி நின்னா அவரு மூச்சும் இழுத்துக்கும். எங்க குடும்பக் கதை அவ்வளவுதான்.

உத்திராபதி அண்ணனுக்கு அம்பத்தெட்டு வயசு இருக்கும். இருவத்தொம்போது வருஷமா பேட்டரி தூக்கித் தூக்கி இடது இடுப்பு இறங்கிப் போச்சு. ஓட்டை இல்லாத சட்டை அவர்கிட்ட ஒண்ணு கூட கிடையாது, எல்லாம் ஆசிட் தெறிச்ச ஓட்டை. ஒட்டுப் போட்டுத் தரேன்னு ஒரு தடவை வாங்கினேன். ஆசிட் தின்ன துணி, ஊசி போற இடமெல்லாம் பொல பொலன்னு வுட்டுடுச்சு. "வுடும்மா, உள்ள காத்து போவட்டும்"னாரு. அதிகம் பேசாத ஆளு. நான் பேசறதுல கால்வாசி பேசினாலே அது தீபாவளி.

அவருக்கு ஒரு பழக்கம். அந்தப் பழக்கத்தாலதான் பஜாரே அவரை ஏசும். சார்ஜ் ஏத்தின பேட்டரியை உடனே குடுக்க மாட்டாரு. சார்ஜர்ல இருந்து கழட்டி, சுவத்தோரமா போட்டிருக்கிற மரப் பலகையில வெச்சி, சாக்பீஸால மேல டைம் எழுதிடுவாரு. சின்னதுன்னா நாலு மணி நேரம், பெருசுன்னா ஒரு ராத்திரி. அது ஆறினப்புறம்தான் வோல்ட்டு அளப்பாரு, பல்பு மாட்டி லோடு போட்டு எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பாப்பாரு, அப்புறம்தான் கையில குடுப்பாரு. டிராக்டர்காரன் நிப்பான், டெம்போக்காரன் நிப்பான், கோட்டை பாக்க வந்து வண்டி கிளம்பாம மாட்டிக்கினவன் ராஜகிரியை அண்ணாந்து பாத்துக்கினு நிப்பான். எவன் கத்தினாலும் ஒரே பதிலு. "ஆக்கப் பொறுத்தே, ஆறப் பொறு."

நாலு கடை தள்ளி கமலேஷ்னு ஒரு பையன் பேட்டரி கடை வெச்சிருக்கான். ஏசி, கண்ணாடிக் கதவு, மணிக்கணக்கா நிக்க வைக்கிறது கிடையாது. கழட்டினதும் அளப்பான், பதிமூணு வோல்ட்டுன்னு காட்டுவான், தூக்கிக் குடுப்பான். ஜனங்க எங்க போவும் சொல்லுங்க.

"இன்னாத்துக்குண்ணா இந்த ஆற வைக்கிற கூத்து, அது இன்னா சோறா?"ன்னு நானே கேட்டிருக்கேன். அதுக்கு அவரு ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்தாந்து மேசை மேல வெச்சாரு. உள்ள ரெண்டு ஈயத் தகடு, ஆசிட் தண்ணி. ஒயர் போட்டு டார்ச் பல்பு ஒண்ணு மாட்டியிருந்தாரு. பல்பு எரிஞ்சுது. கொஞ்ச நேரத்துல மங்கிச்சு, அப்புறம் அணைஞ்சு போச்சு.

"செத்துப் போச்சா?"ன்னாரு.

"ஆமா, செத்துப் போச்சு."

ஒயரை எடுத்துட்டாரு. முருகையன் கடையில இருந்து ரெண்டு டீ வந்துது. குடிச்சு முடிச்சோம். மறுபடியும் ஒயரை வெச்சாரு. பல்பு எரிஞ்சுது. சார்ஜ் எதுவும் ஏத்தலை, சும்மா வெச்சிருந்ததுதான்.

அப்பதான் அவரு கொஞ்சம் வாயைத் திறந்தாரு. ஜாடி நெறைய தண்ணி இருந்தாலும், வேலை செய்யறது தகட்டை ஒட்டினாப்பல நிக்கிற மயிரிழைத் தண்ணிதானாம். தகட்டுக்கு கரண்டு ஏறினதும், அதுக்கு எதிர்க் குணம் உள்ளதெல்லாம் தண்ணிக்குள்ள இருந்து வந்து அப்பிக்கினு வரிசை கட்டி நிக்கும். தண்ணி கூட தகட்டைப் பாத்து மூஞ்சியைத் திருப்பிக்கும்னாரு. தண்ணிக்கு ஏதுண்ணா மூஞ்சின்னு நான் சிரிச்சேன். சின்ன வயசுல ஆவடியில ஒரு கம்பெனியில டிரெய்னிங் போனப்ப இஞ்சினியர் சொன்னாராம், இவரு அதை அப்படியே மனசுல வெச்சிருக்காரு.

"ரேஷன் கடை கவுண்டரைப் பாரும்மா. முன்னாடி பத்து பேரு இடிச்சிக்கினு நிக்கிறான். கவுண்டர்ல உக்காந்திருக்கிறவன் அந்தப் பத்து பேரைத்தான் பாக்கறான். பின்னால காலி ரோடா, நூறு பேரு நிக்கிறானா, அவனுக்குத் தெரியாது. கழட்டின கையோட மீட்டர் வெச்சா, அது அந்தப் பத்து பேரைத்தான் எண்ணும். நல்லா கொழுத்த நம்பரா காட்டும். அது பொய்யின்னு சொல்ல மாட்டேன். மேலோட்டமான பேச்சு. ஆற வுட்டீன்னா ஒட்டினதெல்லாம் கலையும், உள்ள இருக்கிற தண்ணியும் இதுவும் ஒண்ணா சேரும். அப்ப சொல்றதுதான் அதோட நிஜமான நெலமை."

அவரு சேர்ந்தாப்பல அவ்வளவு பேசி நான் கேட்டது அன்னிக்குத்தான். எனக்குப் புரிஞ்சுது. நல்லாவே புரிஞ்சுது. அதை அழுத்திச் சொல்லிக்கிறேன், ஏன்னா புரியாம தப்புப் பண்ணவளா நான்? இல்லை. தெரிஞ்சேதான் பண்ணேன்.

போன மாசம் பேப்பர்ல போட்டான், வியாழக்கிழமை மாதாந்திர பராமரிப்பு, காலையில ஒம்போதுல இருந்து மதியம் ரெண்டு வரைக்கும் கரண்டு கிடையாது. அஞ்சு மணி நேரம். எங்க பேட்டரி நல்ல நாள்லயே அஞ்சு மணி நேரத்தை இழுத்துப் புடிச்சுத்தான் தாங்கும். அதுக்கு முன்ன கொஞ்ச நாளா இன்வெர்ட்டர் சீக்கிரமே கீ கீன்னு கத்திக்கினு இருந்துது. செவ்வாக்கிழமை சாயந்திரமே கழட்டி அவர்கிட்ட குடுத்துட்டேன். புதன்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு சார்ஜ் முடிஞ்சுது. பலகையில வெச்சி சாக்பீஸை எடுத்தாரு.

அன்னிக்குப் பாத்து வானம் கருத்துக்கினு வந்துது. கோட்டைப் பக்கம் மின்னுது. காத்து அடிச்சுதுன்னா ஒயர் அறுந்து ராத்திரியே கரண்டு போனாலும் போவும். வூட்டுல இன்வெர்ட்டர் இருக்குது, பேட்டரி இல்லை.

"அண்ணா, குடுத்துடு. நான் மாட்டிக்கிறேன்"னேன்.

"காலையில ஆறு மணிக்கு நானே வந்து அளந்து மாட்டிட்டுப் போறேம்மா. ராத்திரிக்கு கடை பேட்டரி ஒண்ணைத் தரேன்."

பாத்தீங்களா? அவரு மாத்து ஏற்பாடும் சொன்னாரு. நான் கேட்டேனா? அந்தக் கடை பேட்டரியைப் பாத்தேன், மூலையில தூசி படிஞ்சு கிடக்குது. எனக்கு நம்பிக்கை இல்லை. அன்னிக்கு காலையில இருந்து எட்டு ஜாக்கெட்டு தைச்சு, நடுவுல என் வூட்டுக்காரரைத் தூக்கி உக்கார வெச்சி, சளி எடுத்து, சோறு ஊட்டி, என் நெத்தி நரம்பு விண்ணு விண்ணுன்னு தெறிச்சிக்கினு இருந்துது. வாய்க்கு வந்ததைப் பேசினேன். ஊர்ல எல்லாரும் ஒரு மணி நேரத்துல குடுக்கறான், உனக்கு மட்டும் ஏன் இந்தப் புடிவாதம்னு கேட்டேன். அப்பவும் அவரு அசையலை. அப்புறம் சொன்னேன், "உன் கூடப் பொறந்தவ புருஷனா இருந்தா இப்படி ஆற வெச்சிக்கினு இருப்பியா? அடுத்தவ தாலிதானேன்னு உக்காந்திருக்கே."

சொல்லியிருக்கக் கூடாது. அவரு தங்கச்சி புருஷன் செத்து ஆறு மாசம் கூட ஆவலை, எனக்குத் தெரியும்.

மறுநாள் கரண்டு கட்டுன்னு அன்னிக்கு மட்டும் பதினாலு பேட்டரி வந்திருந்துது அவருக்கு. இடுப்புல கையை வெச்சிக்கினு நின்னாரு. சண்டை போடற தெம்பு அவர்கிட்ட இல்லை. மீட்டரை எடுத்து அங்கயே வெச்சாரு. பதிமூணு புள்ளி ரெண்டு.

"பாத்தியா, நல்லாத்தானே இருக்குது"ன்னேன்.

"இது இப்பச் சொல்ற பேச்சும்மா"ன்னாரு. ஆனா தூக்கிக்கினு வந்து மாட்டினாரு. டைம் எழுதாத பேட்டரி அவரு கடையை வுட்டு வெளிய போனது அது ஒண்ணுதான்.

வியாழக்கிழமை ஒம்போது அடிச்சதும் கரண்டு நின்னுது. இன்வெர்ட்டர் எடுத்துக்கிச்சு. நான் வூட்டுக்குள்ளயே உக்காந்து கொக்கி தைச்சிக்கினு இருந்தேன். பத்து மணிக்கெல்லாம் கீ கீன்னு ஆரம்பிச்சுது. அது கத்தும், அப்புறம் அடங்கும்னு நெனச்சேன். பத்து இருவத்தஞ்சுக்கு மொத்தமா நின்னு போச்சு. ஆக்சிஜன் மிஷினோட சத்தம் நின்னா வூட்டுல ஒரு அமைதி வரும் பாருங்க, அதை மாதிரி ஒரு கொடுமை கிடையாது.

இவரைக் குந்த வெச்சி முன்னால தலகாணி குடுத்து சாய்ச்சேன். ஜன்னலைத் திறந்தேன், பேப்பரால விசிறினேன். உதடு நாவப்பழம் தின்னாப்பல ஆயிடுச்சு. சுவத்தைத் தட்டினேன், பதிலு இல்லை. ஓடிப் போய்ப் பாத்தா கடையில ஆளைக் காணோம், முருகையன் டீக்கடையில நின்னுக்கினு இருந்தாரு. என் மூஞ்சியைப் பாத்ததும் கிளாசைக் கீழ வெச்சிட்டாரு.

அடுத்தவன் பேட்டரியை அடுத்தவனுக்குத் தொட்டுக் குடுக்காத மனுஷன், பலகையில இருந்த எவனோ ஒருத்தனோட டிராக்டர் பேட்டரியைத் தூக்கிக்கினு நொண்டிக்கினே வந்தாரு. மாட்டினாரு. மிஷின் ஓடிச்சு. "இது முக்கா மணி தாங்கும், நான் வந்துடறேன்"னு சொல்லிட்டு டிவிஎஸ்ஸை எடுத்துக்கினு வூட்டுக்குப் போனாரு. அவங்க வூட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழட்டி முன்னால வெச்சிக்கினு வந்து மாட்டினாரு. ரெண்டு மணி வரைக்கும் ஓடிச்சு. மொத்தத்துல பன்னெண்டு நிமிஷம் இவரு குழாய்க் காத்து இல்லாம இருந்தாரு. உயிர் பொழைச்சாரு.

இதோட நிறுத்தியிருந்தா நான் மனுஷி. பயம் தெளிஞ்சதும் எனக்குக் கோவம் வந்துது. வாசல்ல கூட்டம் சேந்துடுச்சு, மேல்சித்தாமூர் பஸ்ஸுக்கு நின்னவங்க, துணி குடுக்க வந்தவங்க, முருகையன் எல்லாரும். அத்தனை பேரு முன்னால நான் கத்தினேன். "நீ குடுத்த பேட்டரிதானே இது, ஒன்றரை மணி நேரம் கூட நிக்கலை, என் புருஷனைக் கொல்லப் பாத்தியே"ன்னு கேட்டேன்.

அவரு வேர்வையைத் தொடைச்சாரு. "ஆறலம்மா அது. உள்ள இருக்கிற ஆறு செல்லுல ஒண்ணு வீக்கா இருந்திருக்குது, ஆறியிருந்தா காட்டியிருக்கும். என் தப்பு"ன்னாரு. நீதானே புடுங்கிக்கினு போனேன்னு ஒரு வார்த்தை வரும்னு நான் நின்னேன். வந்திருந்தா இன்னும் ரெண்டு கத்து கத்தியிருப்பேன், அது வேற விஷயம். வரலை. வீக்கான பேட்டரியைத் தூக்கிக்கினு போயிட்டாரு.

அன்னியில இருந்து பஜார்ல பேச்சு. உத்திராபதி குடுத்த பேட்டரியில ஆளு போகப் பாத்தான்னு ஒருத்தன், கண்ணு தெரியலை ஆளுக்குன்னு ஒருத்தன். நாள் முழுக்க நிக்க வெச்சிட்டு இதானான்னு இன்னொருத்தன். டிராக்டர் எல்லாம் கமலேஷ் கடை வாசலுக்குப் போச்சு. பலகையில எட்டு பத்துன்னு நின்னது ரெண்டு ஒண்ணுன்னு ஆச்சு. அவரு ஸ்டூலைப் போட்டு ரோட்டைப் பாத்துக்கினு உக்காந்திருப்பாரு. நான் மிஷினை வேகமா மிதிப்பேன், அந்தப் பக்கத்து அமைதி காதுல வுழக் கூடாதுன்னு. யாராச்சும் என்கிட்ட கேட்டா, "அதை ஏன் கேக்கறே"ன்னு சொல்லிட்டு நூலைக் கடிப்பேன். அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல மாட்டேன். அது பொய்யில்லைன்னு எனக்கே சொல்லிக்குவேன்.

மூணு வாரம் கழிச்சு ஒரு மத்தியானம் இவருக்குக் கஞ்சி குடுத்துக்கினு இருந்தேன். இவருக்கு ஒரு மூச்சுக்கு மூணு வார்த்தைதான் வரும், அதனால எதைப் பேசணும்னு எண்ணித்தான் பேசுவாரு.

"அந்தாளு கடையில... ஆளே வரலை போல"ன்னாரு.

"வரலைன்னா நான் இன்னா பண்றது?"

கொஞ்ச நேரம் மூச்சை வாங்கினாரு. "அன்னிக்கு சாயந்திரம்... நீ கத்தினது... சுவத்துக்கு இந்தாண்ட... கேட்டுச்சு."

கரண்டி கையிலயே நின்னுது.

"தாலின்னு சொன்னே பாரு. அது வரைக்கும்... கேட்டுச்சு."

"அப்பவே சொல்றதுதானே? மூணு வாரமா வாய்ல இன்னா கொழுக்கட்டையா?"

"நீயே சொல்லுவேன்னு... பாத்தேன்"னாரு. அப்புறம் கஞ்சிக்கு வாயைத் திறந்தாரு. கோவமா சொன்னாரா, இல்லை. அதுதான் எனக்குத் தாங்கலை. மூச்சுக்கு மூணு வார்த்தை இருக்கிற மனுஷன், அதுல பத்து மூச்சை இதுக்குச் செலவு பண்ணியிருக்காரு. வெக்கமா இருந்துது. பாத்திரம் கழுவற எடத்துல நின்னு அழுதேன்.

மறுநாள் காலையில பத்து மணிக்கு முருகையன் கடையில கூட்டமா இருக்கிற நேரமா பாத்துப் போனேன். டீ சொல்லலை. "எல்லாரும் கேட்டுக்குங்க. அந்த பேட்டரியை அண்ணன் குடுக்கலை. ஆறட்டும்னுதான் சொன்னாரு. நான்தான் பேசக் கூடாத பேச்சைப் பேசி புடுங்கிக்கினு போனேன். அவரு மேல தப்பே கிடையாது"ன்னேன். நாலு பேரு திரும்பிப் பாத்தான். ஒருத்தன் பஜ்ஜியை மென்னுக்கினே தலையை ஆட்டினான். முருகையன், "அதுக்கு இன்னாக்கா இப்போ, டீ குடிக்கிறியா"ன்னான். அவ்வளவுதான். ஊருக்கு கெட்ட சேதின்னா காது நாலு, நல்ல சேதின்னா அரைக் காது. டிராக்டர் இன்னும் கமலேஷ் வாசல்லதான் நிக்குது.

திரும்பி வந்தப்ப அண்ணன் ஸ்டூல்ல இருந்தாரு. சேதி எனக்கு முன்னாடி வந்துடுச்சு.

"அதைப் போய் ஏம்மா சொன்னே"ன்னாரு.

"சொல்லணும்னு இருந்துது, சொன்னேன்."

"கேட்டவ நீதான். தூக்கிக் குடுத்த கை என்னுது. இருவத்தொம்போது வருஷமா எத்தனையோ பேரு கத்தியிருக்கான், அப்பல்லாம் குடுத்தேனா? அன்னிக்குக் குடுத்தேன். ஓஞ்சு போயிருந்தேன், வேற ஒண்ணுமில்லை." சொல்லிட்டு அவரு பலகையில இருந்த ஒரே ஒரு பைக் பேட்டரியைப் பாத்தாரு. "ஆளும் பேட்டரி மாதிரிதான் போல"ன்னு சொல்வாருன்னு நெனச்சேன். அப்படியெல்லாம் பேசற ஆளு கிடையாது அவரு. "அந்தக் கொக்கியை இருட்டுல தைக்காதே, கண்ணு போயிடும்"னாரு.

இந்த மாசமும் பேப்பர்ல வந்துடுச்சு. நாளைக்கு. ஒம்போதுல இருந்து ரெண்டு. அந்த வீக்கான பேட்டரியை அவரு ஒரு வாரமா மெள்ள மெள்ள ஏத்தி எறக்கிப் பழக்கி வெச்சிருந்தாரு. நேத்து சாயந்திரம் அஞ்சு மணிக்குக் கழட்டி பலகையில வெச்சாரு. பெருசா, எனக்குத் தெரியற மாதிரி, 5.00ன்னு எழுதினாரு. எழுதிட்டு என்னைப் பாத்தாரு. நான் வாயைத் திறக்கலை. அது வரைக்கும் எங்க வூட்டுல ஓடின அவரோட பேட்டரியைக் கழட்டிக்கினு, ராத்திரிக்கு அந்தத் தூசி படிஞ்ச கடை பேட்டரியைக் குடுத்தாரு, வாங்கிக்கினேன். அதுவும் நல்லாத்தான் இருந்துது, நான்தான் மேலாக்கப் பாத்து எடை போட்டவ.

இன்னிக்குக் காலையில அளந்தாரு. லோடு போட்டாரு, கடிகாரத்தைப் பாத்தாரு, ரொம்ப நேரம் குனிஞ்சிருந்தாரு.

"ரெண்டே கால் மணி. அதுக்கு மேல இது தாங்காது"ன்னாரு. "எங்க வூட்டுது போன தடவை ஓட்டினதுல கொஞ்சம் அசந்துடுச்சு, ரெண்டரை மணி வரும். ரெண்டும் சேந்து நாலே முக்கா. கால் மணி இடிக்குது. கடை பேட்டரியை நடுவுல சொருகலாம், ஆனா மாத்தறதுக்கு நேரம் புடிக்கும், எங்கனா ஒயர் லூசுன்னாலும் போச்சு. கணக்குல கால் மணி நேரம் காத்து இல்லைன்னே வெச்சிக்கோ. அவரு தாங்குவாரா?"

"தாங்குவாரு. தொண்ணூத்தி நாலு இருக்குது"ன்னேன். விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு பாக்கற மிஷின் இருக்குது பாருங்க, தொண்ணூறுக்குக் கீழ எறங்கினா ஆபத்து, அதுல தினம் காலையில பாப்பேன். தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தி மூணு. பாத்துட்டு எங்க பொண்ணு நிலாவுக்கு சென்னைக்குப் போன்ல சொல்லுவேன். அவ சந்தோஷப்படுவா, நானும் படுவேன். அதை வெச்சித்தான் என் நாள் ஓடுது.

அண்ணன் மீட்டர் ஒயரைச் சுத்திக்கினே, நிமிந்து பாக்காம கேட்டாரு. "குழாயோட அளந்ததா? எடுத்துட்டு அளந்ததா?"

நாலு மாசமா குழாயோடத்தான் அளக்கறேன். வூட்டுக்கு வந்து பாக்கற நர்ஸம்மா கூட சொன்னாங்க, கொஞ்ச நேரம் எடுத்துட்டுப் பாருங்க, அதுதான் அவரோட சொந்த நம்பர்னு. நான் செய்யலை. போன மாசம் பன்னெண்டு நிமிஷம் அந்த உதட்டைப் பாத்தப்புறமும் செய்யலை. காத்து ஏறிக்கினு இருக்கிறப்பவே அளந்து, கொழுத்த நம்பரைப் பாத்துப் பாத்து, நல்லாயிருக்காருன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சவ நான். இதுல கமலேஷ் கடையைக் குறை சொல்ல வந்துட்டேன்.

வூட்டுக்குள்ள போனேன். "ஏங்க, குழாயை எடுத்துட்டு ஒரு தடவை பாக்கணும். முடியலைன்னா கையை ஆட்டுங்க, உடனே மாட்டிடறேன்"னேன்.

இவரு என்னைப் பாத்தாரு. தலையை ஆட்டினாரு. குழாயை எடுத்தேன். விரல்ல மிஷினை மாட்டினேன். தொண்ணூத்தி மூணுல நின்னுது. உடனே பாத்தா அவ்வளவுதான் காட்டும். நான் கடிகாரத்தைப் பாத்துக்கினு கையைப் புடிச்சிக்கினு உக்காந்தேன். ரெண்டு நிமிஷம். தொண்ணூறு. மூணு நிமிஷம். எம்பத்தாறு. சுவத்துக்கு அந்தாண்ட அண்ணன் எதையோ தட்டிக்கினு இருந்தவரு தட்டறதை நிறுத்திட்டாரு. நாலு நிமிஷம், எம்பத்தொண்ணு. இவரு கையை ஆட்டலை. அஞ்சாவது நிமிஷம் எழுவத்தெட்டு. அதுக்கு மேல எனக்குப் பாக்கத் தெம்பு இல்லை.

"எவ்வளவு"ன்னாரு.

தினமும் இதைத்தான் கேப்பாரு, தினமும் நான் தொண்ணூத்தி நாலுன்னு சொல்லுவேன்.

"எழுவத்தெட்டுங்க."

அவரு கண்ணை மூடினாரு. மூச்சு இழுத்து இழுத்து வாங்கினாரு, பேச எடுத்துக்கிற மூச்சு அது, எனக்குத் தெரியும்.

"எனக்குத் தெரியும்... ரொம்ப நாளா"ன்னாரு. "உனக்கும் இப்ப... தெரிஞ்சுடுச்சு. இனிமே... ரெண்டு பேருமா... சமாளிக்கலாம். மாட்டு."

குழாயை மாட்டினேன். ரெண்டு தடவை தப்பித் தப்பி மூணாவது தடவைதான் மூக்குல நின்னுது. அப்புறம் சுவத்துப் பக்கம் திரும்பி, "அண்ணா, எழுவத்தெட்டு"ன்னேன். கத்தக் கூட வேணாம், சாதாரணமாச் சொன்னாலே கேக்குது.

"அப்ப கால் மணி ஆவாதும்மா. காலையில ஏழு மணிக்கு ஆட்டோ சொல்லிடறேன், கரண்டு வர்ற வரைக்கும் பெரியாஸ்பத்திரியில இருக்கட்டும், அங்க ஜெனரேட்டர் இருக்குது. வழிக்கு இன்வெர்ட்டரும் இந்த பேட்டரியும் போதும், பேட்டரியை நான் மடியில வெச்சிக்கினு வரேன்"னாரு.